தெர்மாகோல் முகத்துக்கு வந்த வழி

எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு ஸ்டேஷனரி கடை இருக்கும். அதன் வாசலில், சார்ட் பேப்பர் சுருள்களுக்குப் பக்கத்தில், கயிற்றால் கட்டிய தெர்மாகோல் அட்டைகள் சாய்ந்து நிற்கும். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை கனம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எரிமலை, கொலுப்படி ஓரத்தில் ஒரு பூங்கா, கல்யாண மேடையில் மணமக்கள் பெயர் என்று நம் ஊர் அதை வாங்கிப் பழகியிருக்கிறது. எப்போதாவது ஒருவர் வந்து, இரண்டு அங்குலக் கனத்தில், முனை உடையாததாக, கைரேகை படியாததாகத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினால் அவர் பெரும்பாலும் புகைப்படக்காரராக இருப்பார். ஒரு சாப்பாட்டு விலைக்கு அவர் ஒரு விளக்கை வாங்கிக்கொண்டு போகிறார்.

முகத்தைப் படமெடுக்கப் பழகும் இளைஞர்களிடம் ஒரு குறை ஓடிக்கொண்டேயிருக்கிறது. நல்ல கேமரா வாங்கியாயிற்று, லென்ஸும் வந்துவிட்டது, சாஃப்ட்பாக்ஸும் ஸ்டாண்டும் வாங்கினால்தான் முகம் சரியாக விழும் என்று காத்திருக்கிறார்கள். சிலர் கடனும் வாங்குகிறார்கள். முகத்தின் மேல் ஒளி மென்மையாக விழ இரண்டு விஷயங்கள் போதும்: ஒளி வருகிற பரப்பு பெரிதாக இருக்கவேண்டும்; அது முகத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். விலைப்பட்டியலில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. இதை நேரில் காட்டிக்கொடுக்க இந்த வெள்ளை அட்டையை விடச் சிறந்த பொருளை நான் பார்த்ததில்லை. மலிவாகக் கிடைப்பதால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை பெர்லினில், ஒரு மருந்தாளுநரிடம் தொடங்குகிறது.

எடுவார்ட் சிமோன் என்ற அந்த மருந்தாளுநர் 1839-இல் ஸ்டோரக்ஸ் என்ற மரப்பிசினைக் காய்ச்சி வடித்தார். எண்ணெய் போன்ற ஒரு திரவம் கிடைத்தது. அதற்கு ஸ்டைரோல் என்று பெயர் வைத்தார்; இன்று நாம் ஸ்டைரீன் என்பது அதைத்தான். சில நாள் வைத்திருந்தால் அது தானாகக் கெட்டியாகிவிடுவதையும் கவனித்தார். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சேர்ந்துதான் அப்படி ஆகிறது என்பது அவர் நினைப்பு. அது சரியில்லை என்று சில ஆண்டுகளிலேயே வேதியியலாளர்கள் காட்டினார்கள். ஆனால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை விளக்க ஹெர்மன் ஸ்டாடிங்கர் வரவேண்டியிருந்தது. சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகின்றன என்று 1920-இல் அவர் எழுதினார். அன்று பலர் அதை ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அதற்கு வெகுமுன்பே, 1930களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் ஆலைகளில் அந்தச் சங்கிலிப் பொருள், பாலிஸ்டைரீன் என்ற பெயரில், சரக்காக வெளிவரத் தொடங்கிவிட்டது. மரப்பிசின் போய், பென்ஸீனும் எத்திலீனும் மூலப்பொருளாகியிருந்தன. அதாவது அன்று நிலக்கரி.

அப்போது அது வெள்ளையாக இல்லை. பாலிஸ்டைரீன் இயல்பில் கண்ணாடிபோல் தெளிந்தது. பாட்டு சிடி வாங்கிய காலத்தில் கையில் புரண்ட அந்தப் பளபளப்பான, கீழே விழுந்தால் விரிசல் விடும் உறை அதே பிளாஸ்டிக்தான். 1949-இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி மின்கம்பிகளுக்கு உறை செய்ய ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். சூட்டு அடுப்பில் அதிக நேரம் இருந்துவிட்ட ஒரு மாதிரி, நுரைத்துப் பொங்கி மேலே எழுந்து நின்றது. கம்பி உறைக்கான தேடல் அங்கேயே வேறு பக்கம் திரும்பியது. சில ஆண்டுகளில் ஸ்டைரோபோர் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது; நாம் தெர்மாகோல் என்பது அதைத்தான்.

ஸ்டாஸ்ட்னி கண்ட முறைதான் இன்றும் நடக்கிறது. சர்க்கரை அளவுள்ள பாலிஸ்டைரீன் மணிகளுக்குள் பென்டேன் என்ற, சீக்கிரம் ஆவியாகிற திரவம் சிறிதளவு பொதிந்திருக்கும். நீராவி பட்டதும் பிளாஸ்டிக் இளகுகிறது, உள்ளே பென்டேன் ஆவியாகித் தள்ளுகிறது, சூட்டில் நெல் பொரிவது போல மணி பொரிந்து நாற்பது ஐம்பது மடங்கு பருக்கிறது. பொரிந்த மணிகளைச் சில மணி நேரம் ஆறவிட வேண்டும்; அப்போதுதான் வெளிக்காற்று உள்ளே புகுந்து, மணி சுருங்காமல் நிற்கும். பிறகு பெரிய இரும்பு அச்சில் நிரப்பி மறுபடி நீராவி விட்டால், போவதற்கு இடமில்லாமல் மணிகள் ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிக்கொள்கின்றன. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு வெள்ளைப் பாளம் வெளியே வரும். அதைக் கத்தியால் அறுப்பதில்லை. சூடேறிய நைக்ரோம் கம்பிகள் வரிசையாக அதன் ஊடே மெல்ல நகர, பாளம் அட்டைகளாகப் பிரிகிறது. கன மீட்டருக்குப் பதினைந்து கிலோ என்ற அடர்த்தியில் செய்த ஓர் அங்குல அட்டை 200 கிராம்கூட இராது. அதன் கொள்ளளவில் 98 சதவீதம் காற்று.

இந்தக் காற்றுதான் புகைப்படக்காரருக்கு வேண்டியது. அட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு அறைச்சுவரும் தெளிந்த பிளாஸ்டிக், உள்ளே காற்று. பிளாஸ்டிக்கிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து பிளாஸ்டிக்குக்கும் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் வளைகிறது. இப்படி எத்தனையோ முறை அலைந்து, எந்தத் திசையில் நுழைந்தோம் என்பதையே இழந்து, எல்லாப் பக்கமும் பரவி வெளியே வருகிறது. எந்த நிறத்தையும் அது அதிகம் விழுங்குவதில்லை. அதனால்தான் தெளிந்த பிளாஸ்டிக் வெள்ளையாகத் தெரிகிறது. அதன் மேல் பட்டுத் திரும்பும் வெயில் தன் நிறத்தோடு, ஆனால் தன் கூர்மையை விட்டுவிட்டு வருகிறது. கண்ணாடியோ வெள்ளித்தாளோ இதைச் செய்யாது. அவை சூரியனை வேறு பக்கம் திருப்பி விடுமே தவிர, கூர்மையைக் குறைக்காது.

இந்த அட்டைக்கு நம் நாட்டில் உள்ள பின்கதையையும் சொல்லவேண்டும். இந்தியத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ஸ்டைரீன் கப்பலில்தான் வந்துகொண்டிருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய தொட்டிகளில் இறங்கி, ஆலைக்குப் போய், மணியாகிறது. சென்னையை அடுத்த மணலி புதுநகர்ப் பக்கத்திலும் இந்த மணிகளைச் செய்யும் ஆலை உண்டு. சிமோன் தன் குப்பியில் கண்ட அதே குணம் தொட்டியிலும் இருக்கிறது: விட்டுவைத்தால் ஸ்டைரீன் தானாகவே சங்கிலி கோத்துக்கொள்ளும், கோக்கும்போது சூடு பிறக்கும், சூடு ஏற ஏற இன்னும் வேகமாகக் கோக்கும். அதனால் அதைக் குளிராகவும், சங்கிலி கோக்காமல் தடுக்கும் ஒரு மருந்தைச் சேர்த்தும் வைத்திருக்க வேண்டும். 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தின் ஆர்.ஆர்.வெங்கடாபுரத்தில் ஒரு பாலிஸ்டைரீன் ஆலையின் தொட்டியில் இந்தக் காவல் தவறியது. கொரோனா ஊரடங்கால் ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்த நேரம். தொட்டி சூடேறி, ஸ்டைரீன் ஆவி தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் இறங்கியது. 12 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். தெருவிலும் வாய்க்காலோரத்திலும் மனிதர்களும் மாடுகளும் சாய்ந்து கிடந்த படங்களை அன்று காலை நாடே பார்த்தது. அந்த ஆவி எதுவாக ஆகியிருக்கவேண்டியதோ, அதன் இன்னொரு பங்குதான் நம் அறையில் சுவரோரம் நிற்கிறது. அதை இரண்டு நாள் அலங்காரத்துக்கு வாங்கிக் குப்பையில் எறிய எனக்கு மனம் வருவதில்லை. வாங்கினால் பல ஆண்டு வைத்திருக்க வேண்டிய பொருள் அது.

தெர்மாகோல் வருவதற்கு முன் அதன் வேலையைத் துணி செய்துகொண்டிருந்தது. மின்விளக்கு வராத காலத்து ஸ்டூடியோக்களில் வடக்குப் பார்த்த கண்ணாடிச் சாய்ப்பு இருக்கும், அதன் கீழ் மெல்லிய வெள்ளைத் திரைகள் கயிற்றில் ஓடும். சூரியன் நேராக எட்டிப் பார்க்காத திசை என்பதால் வடக்கு. ஐரோப்பாவில் அந்தக் கணக்கு வருஷம் முழுக்கச் செல்லும். சென்னையில் செல்லாது. பதின்மூன்றாம் அட்சரேகையில் இருக்கும் நமக்கு ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் மதியம் வடக்கு ஜன்னலிலும் வெயில் அடிக்கும். ஆகவே வடக்கு ஜன்னல் இருந்தாலும் இங்கே துணி கட்டாமல் முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடித் திரட்டி மின்னுருவாக்கியிருக்கிறது. இம்மாதிரிப் பழைய குடும்பப் படங்களில் முகங்களின் நிழல் எவ்வளவு மெல்ல இறங்குகிறது என்று பார்த்தால், வானத்தின் பெரிய பரப்பை அவர்கள் எப்படி அறைக்குள் கொண்டுவந்தார்கள் என்பது புரியும்.

துணி தன் பெரிய நாளைக் கண்டது கல்கத்தாவில். சத்யஜித் ராய் 1956-இல் வெளியிட்ட ‘அபராஜிதோ’வில் பனாரஸ் வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. நான்கு பக்கமும் மாடி, மேலே திறந்த வானம், அதிலிருந்து நிழலே இல்லாமல் இறங்கும் வெளிச்சம். மழைக்குப் பயந்து அந்த முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போடுவதென்று முடிவாயிற்று. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு அப்போது இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ தொடங்கியபோதுதான் சினிமா கேமராவையே முதன்முதலாகக் கையாண்டவர். ஸ்டூடியோ விளக்கில் அந்த வெளிச்சம் வரவே வராது என்று அவர் வாதாடினார். மற்ற இருவரும் கேட்கவில்லை. வேறு வழியின்றி முற்றத்துக்கு மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுக் கீழே விழுந்த ஒளியில் அது செட் என்று சொல்ல முடியவில்லை. ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் படங்களில் ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் இதே வழியில் போய் உலகம் அதைப் பேசியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. மித்ரா பின்னாளில் மரப்பெட்டிக்குள் சாதாரண வீட்டு பல்புகளை மாட்டி, முகப்பை மெல்லிய தாளால் மூடி, தன் மென்விளக்குகளைத் தானே செய்துகொண்டார். காசு இல்லாத ஒரு படக்குழு கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. வானம் எப்படி ஒளி தருகிறது என்று உட்கார்ந்து யோசித்த ஒருவருக்குத்தான் துணி கண்ணில் படும்.

தமிழ் சினிமாவில் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் வெகுகாலம் வெள்ளித்தாள் ஒட்டிய பலகைதான். உச்சி வெயிலில் கண்குழி கருத்துப்போகாமல் இருக்க, நான்கைந்து பேர் பலகையைத் தூக்கிப் பிடித்து நடிகரின் முகத்தில் சூரியனைத் திருப்புவார்கள். பழைய பாட்டுக் காட்சிகளில் கதாநாயகி கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பதற்குக் காரணம் அதுவே. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் பாலுமகேந்திரா, அசோக்குமார், பி.சி.ஸ்ரீராம் போன்றவர்கள் ஜன்னலிலிருந்து ஒரு பக்கமாக வரும் ஒளியை நம்பத் தொடங்கியதும் பார்வையாளரின் கண்ணும் மாறியது. அப்படிப்பட்ட ஒளிக்கு வெள்ளித்தாள் உதவாது. மெதுவாகத் திருப்பித் தரும் வெள்ளைப் பரப்பு வேண்டும், அதுவும் லேசாக, உடைந்தால் வருத்தமில்லாமல். தெர்மாகோல் யூனிட் வண்டியில் ஏறிக்கொண்டது. ‘தெர்மாகோல் போடு’ என்பது படப்பிடிப்புத் தளங்களில் புழங்கும் பேச்சாயிற்று. அங்கிருந்து குறும்படக்காரர், கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர், கல்லூரி மாணவர் என்று இறங்கி அது நம் வீட்டு அறைக்கு வந்து சேர்ந்தது.

வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு ஜன்னலும் ஒரு மனிதரும் போதும். சூரியன் நம்மைவிட எவ்வளவோ பெரியது. ஆனால் பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரை டிகிரிதான் அதன் அகலம். அதனால்தான் வெயிலில் மூக்கு நிழல் கத்தியால் வெட்டியது போல விழுகிறது. ஒரு மீட்டர் அட்டையை முகத்திலிருந்து ஒரு மீட்டரில் பிடித்தால் அது ஏறக்குறைய ஐம்பத்து மூன்று டிகிரி அகலம். முகத்தின் கண்ணோட்டத்தில் சூரியனைப் போல நூறு மடங்கு. அதே அட்டை இரண்டு மீட்டர் தூரத்துக்குப் போனால் இருபத்தெட்டு டிகிரி. அட்டை சுருங்கவில்லை, தூரம் சுருக்கிவிட்டது. எட்டி நின்று பிடித்துவிட்டு ‘ஒண்ணும் தெரியலையே’ என்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு பாட்டியை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஜன்னல் இடப்பக்கம். வலது கன்னம் இருட்டு. உதவிக்கு வந்த பையன் அட்டையோடு வலப்பக்கம் நிற்கிறான்.

“தம்பி, இன்னும் ஒரு சாண் உள்ள வா.”

“ஃபிரேமுக்குள்ள வந்துடுமே அண்ணே?”

“வராது, நான் பாத்துக்கிறேன். மேல் முனைய ஜன்னல் பக்கம் சாய். பாட்டி, நீங்க வாசலயே பாருங்க. அட்டைய பாக்காதீங்க.”

அந்த ஒரு சாணில் வலது கண் திறந்துகொள்ளும். இன்னொரு சாண் வந்தால் இரண்டு கன்னமும் ஒரே அளவு வெளிச்சமாகி முகம் தட்டையாகிவிடும். அப்போது பையனைப் பின்னால் போகச் சொல்லவேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. அவர் யார், அவர் முகத்தில் எதைப் பார்க்க வந்தோம் என்பதுதான் அளவு. நிழலே வேண்டும் என்றால் வெள்ளை அட்டையின் மேல் கருப்புத் துணியைப் போட்டு அதே இடத்தில் நிறுத்தலாம். சுவரிலிருந்து தெறித்துவரும் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும், கன்னத்தின் கோடு இறுகும். இரண்டு அட்டைகளைத் துணி டேப்பால் ஓரத்தில் இணைத்து ‘வி’ வடிவில் விரித்தால் ஆள் பிடிக்காமலே நிற்கும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சிவப்புச் சிமென்ட் தரை, பச்சைச் சுவர், ரோஜா நிற டிஸ்டம்பர். பார்க்க அழகு, படத்தில் தாடையின் அடியில் சிவப்பு படியும், கழுத்தில் பச்சை ஏறும். எடிட்டிங்கில் முகத்தின் நிறத்தைச் சரிசெய்தால் சேலையின் நிறம் போய்விடும். உட்கார்ந்திருப்பவரின் காலடியில் தரையை மறைத்து ஒரு அட்டையைப் போட்டுவிடுங்கள். சிவப்பு போகும், கண்ணுக்குக் கீழுள்ள கருமையும் சற்றுத் தெளியும். மடிமேல் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெளியும். ஆனால் கீழிருந்து வருவது மேலிருந்து வருவதைவிடக் குறைவாகவே இருக்கவேண்டும், மிஞ்சினால் முகம் பயமுறுத்தும்.

இந்த அட்டையின் மேல் எனக்குள்ள பிரியத்துக்குப் பெரிய காரணம் கருத்த தோல். தோலின் மேல் படும் ஒளியில் ஒரு சிறு பங்கு மேற்பரப்பிலேயே, உள்ளே போகாமல், பளபளப்பாகத் திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே போய், மெலனின் விழுங்கியது போக மிச்சம் வெளியே வருகிறது. மேற்பரப்பில் திரும்பும் பங்கு எல்லார் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கருத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு என்பதால், அந்தப் பளபளப்புதான் முகத்தின் வடிவத்தைச் சொல்கிறது. சின்ன விளக்கை நேராக அடித்தால் அது நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பொட்டுகளாகக் குவிந்துவிடும், மற்ற இடமெல்லாம் இருட்டு. உடனே நம் ஸ்டூடியோக்களில் என்ன செய்தார்கள்? பவுடர் பூசினார்கள், இன்னும் அதிகமாக விளக்கு போட்டார்கள், கடைசியில் டச்சிங்கில் வெளுக்க வைத்தார்கள். எத்தனையோ அம்மாக்களின், மாப்பிள்ளைகளின் நிறம் அப்படித்தான் சுவரிலிருந்து காணாமல் போயிற்று. பெரிய வெள்ளைப் பரப்பைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அந்தப் பளபளப்பு குவியாமல் கன்னமேட்டிலும் தாடையோரத்திலும் அகலமாகப் படர்கிறது. நிறம் அதன் ஆழத்தில் அப்படியே இருக்க, எலும்பின் அமைப்பு தெரிகிறது. கூடவே ஒன்று செய்யவேண்டும். ஃபிரேம் நிறையக் கருத்த முகம் இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தானியங்கியை விட்டுவிட்டுக் கையால் குறையுங்கள். கருப்பை வெளுக்க வைக்க ஒளி தேவையில்லை; கருப்பைக் காட்டத்தான் தேவை.

அட்டையின் உறவினர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு முழ வேட்டி ஜன்னலில் கட்டுவதற்கென்றே நெய்தது போன்ற அளவு. பருத்தியாக இருக்கட்டும், சொட்டு நீலம் அதிகம் போட்டதாக இருந்தால் ஒளியில் லேசாகக் குளிர்ச்சி ஏறும். அட்டைப்பெட்டிக்குள் வெள்ளைத்தாள் ஒட்டி, வாயில் பட்டர் பேப்பரோ டிரேசிங் ஷீட்டோ இழுத்து ஒட்டி, உள்ளே எல்.இ.டி. பல்பு மாட்டினால் சாஃப்ட்பாக்ஸ் தயார். பல்பு வாங்கும்போது உறையில், நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவான சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று இருக்கிறதா என்று பாருங்கள், மட்டமான பல்பில் சிவப்பு குறைந்து தோல் செத்த நிறமாகத் தெரியும். பெட்டியில் காற்றுப் போக ஓட்டை வையுங்கள். ஹாலஜன் விளக்கைப் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள், தெர்மாகோல் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். நூறு டிகிரிக்கு முன்பே தெர்மாகோல் இளகும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும்.

அட்டைக்கும் வயதாகும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேற்பரப்பு மஞ்சளாகும், தேய்த்தால் பொடி உதிரும். மஞ்சள் முகத்தில் இளஞ்சூடாக விழும். சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் மறுபக்கம் திருப்பிக்கொள்ளலாம். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அகற்றும் திரவம், ஸ்பிரே பெயின்ட் இவை பட்டால் அது கரைந்து குழிவிழும். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசைதான் ஏற்றது. வெளியிடத்தில் காற்று அதன் பெரிய எதிரி. ஒருவர் அட்டைக்காகவே நிற்கவேண்டும்.

சட்டமும் அதன் வாழ்வில் குறுக்கிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடையில் தெர்மாகோல் தட்டும் கப்பும் போயின. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கும் தடை வந்தது. மேடையில் மின்னிய மணமக்கள் பெயருக்குச் சட்டத்தில் இனி இடமில்லை. இந்தத் தடைகள் வந்தது நல்லது என்றே நினைக்கிறேன். டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் மெத்தையாக வரும் தெர்மாகோல் இன்னும் மலைமலையாக வந்துகொண்டிருக்கிறது. வீட்டு உபயோகப் பொருள் கடைகளின் பின்பக்கம் தட்டையான துண்டுகள் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். புதிதாக வாங்குவதற்கு முன் அங்கே கேட்டுவிடுங்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் அடித்த ஒட்டுப்பலகையும், சட்டத்தில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணியும் அதே வேலையைச் செய்யும், அதிக நாள் உழைக்கும்.

உடைந்த அட்டையை என்ன செய்வது? பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்கமாட்டார். ஒரு மூட்டை நிறைந்தாலும் தராசு நகராது. வண்டியில் ஏற்றினால் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அதனால் வாய்க்காலில் மிதக்கிறது, மாடு தின்கிறது, தெருமுனையில் எரிகிறது. அந்தக் கரும்புகையை யாரும் சுவாசிக்கக் கூடாது. மறுசுழற்சிக்காரர்கள் இதற்கென்று இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அது தெர்மாகோலை நொறுக்கி, அழுத்தி அல்லது உருக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிக் கட்டியாக்கிவிடும். அந்தக் கட்டியில் ஒரு பெரும்பகுதி உலகெங்கும் போய்ச் சேரும் இடம் படச்சட்டத் தொழில். ஃபிரேம் கடைச் சுவரில் மாதிரிக்காக மாட்டியிருக்கும் மூலைத்துண்டுகளில் மரம் போலத் தெரியும் பலவும் மரமில்லை. எடுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள், நுண்ணிய குமிழ்கள் தெரிந்தால் பாலிஸ்டைரீன். அந்தத் தொழிலுக்கு வேண்டியது அழுக்கில்லாத, எதுவும் ஒட்டாத தெர்மாகோல். வெள்ளித்தாளும் பெயின்ட்டும் பசையும் ஏறிய அட்டையை யாரும் கட்டியாக்கமாட்டார்கள். ஆகவே கருப்புத் துணியை ஒட்டாமல் கிளிப் போட்டு மாட்டுங்கள், இணைத்த டேப்பை உரித்துவிடுங்கள், உடைந்த துண்டுகளை ஒரு சாக்கில் தனியே சேர்த்துவையுங்கள். இரண்டு மூன்று புகைப்படக்காரர்கள் சேர்ந்து சேர்த்தால் சாக்குகள் நிறையும். பேக்கிங் தெர்மாகோல் எடுக்க வரும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடலாம்.